நுரையைக் கொட்டாதீர்கள்

போன சனிக்கிழமை கோவையில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். பேச்சு சுற்றிச் சுற்றி "இருக்கறதுலயே பெஸ்ட் பீர் எது?" என்பதில் வந்து நின்றது. வீட்டுக்காரன் கிங்ஃபிஷர் ஸ்ட்ராங் என்றான். துபாயிலிருந்து லீவுக்கு வந்தவன் ஹைனெகன் என்றான். டப்ளினில் படித்தவனோ கின்னஸைத் தவிர வேறெதையும் பீர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தான். என் முறை வந்தது. "யாரு ஊத்துனாங்க, எப்படி ஊத்துனாங்கன்னு தெரியாம எப்படிடா சொல்றது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

வேலை நிமித்தம் மூன்று வருடம் செக் நாட்டின் பில்சன் நகரத்தில் இருந்தேன். இன்று உலகம் முழுக்க விற்கும் பொன்னிற லாகர் (குளிரில் ஊற வைத்துச் செய்யும்) பீர்களுக்கெல்லாம், நம் கிங்ஃபிஷர் உட்பட, மூதாதை அந்த ஊர் பீர்தான். அதன் கதை ஒரு கோபத்தில் தொடங்குகிறது. 1838ஆம் ஆண்டு, கெட்டுப்போன பீரைக் குடித்து ஊர்க்காரர்கள் சலித்துப்போயிருந்தபோது, 36 பீப்பாய் பீர் நகரமன்றத்துக்கு முன்னால் கொட்டப்பட்டது. அப்புறம் பீர் காய்ச்சும் உரிமை வைத்திருந்த குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து பொதுவில் ஓர் ஆலை கட்டின. ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து யோசஃப் க்ரோல் என்ற இளைஞரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபர் 5ஆம் தேதி அவர் அடுப்பேற்றியதுதான் முதல் பில்ஸ்னர், அதாவது பில்சன் ஊர் பீர்.

அதற்கு முன் அந்தப் பகுதியில் குடித்த பீரெல்லாம் பெரும்பாலும் கருத்தோ கலங்கியோ இருக்கும். இது தங்க நிறத்தில், மேலிருந்து அடிவரை தெளிவாக வந்தது. காரணங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பில்சன் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. அதனால் கசப்பு நாக்கைக் கீறாமல் மென்மையாக இறங்குகிறது. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் பூ; செக் நாட்டின் ஜாதெட்ஸ் ஊர்ப் பக்கத்தில் விளையும் ஹாப்ஸுக்குத் தனி வாசனை. நேரடி நெருப்பு படாமல் பதமாகக் காய வைத்த வெளிறிய மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி. அத்துடன் குளிர்ந்த நிலவறையில் வாரக்கணக்கில் பொறுமையாக ஊற வைத்தல்.

செக் தலைநகர் பிராகாவில் யாகுப் பின்காஸ் என்று ஒரு தையல்காரர் இருந்தார். வண்டிக்கார நண்பர் பில்சனிலிருந்து கொண்டுவந்த பீரைச் சுவைத்தவர், ஊசி நூலை வைத்துவிட்டு 1843இல் பீர்க்கடை திறந்துவிட்டார். அந்தக் கடை இன்றும் நடக்கிறது. நான் போயிருக்கிறேன். ஒரு மனிதர் தன் தொழிலையே விட்டுவிடும் அளவுக்கு ஒரு வாய் பீரில் என்ன இருந்திருக்கும் என்று அங்கே உட்கார்ந்து வெகுநேரம் யோசித்திருக்கிறேன்.

ஆனால் இந்த வரலாறெல்லாம் ஆலை வாசலோடு முடிகிறது. அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியம். பீரைக் காய்ச்சுவது ஆலைக்காரர், அதைப் பீராக்குவது கடைக்காரர் என்று செக் மொழியில் ஒரு பழமொழி உண்டு. முதல் வாரம் எனக்கு அது புரியவில்லை. என் வீட்டுக்குக் கீழே இருந்த கடையில், குழாயருகே நிற்கும் பெரியவரைப் பார்த்துப் பார்த்துத்தான் புரிந்தது.

கண்ணாடிக் குவளையை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசுவார். துடைக்க மாட்டார். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் நுரை உடைந்துவிடும் என்பதால், அந்தக் குவளைகளில் வேறெதையும் ஊற்ற விடமாட்டார். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து முதலில் நுரையைத்தான் இறக்குவார், நல்ல கெட்டியான, ஈரமான நுரை. பிறகு குழாயின் வாயை அந்த நுரைக்குள் முக்கி முழுதாகத் திறப்பார். பீர் அடியில் நிறைய, நுரை மேலே ஏறும். காற்று பீரைத் தொடவே தொடாது. மூன்று விரல் நுரையோடு குவளை மேசைக்கு வரும். இதற்கு ஹ்லாடின்கா என்று பெயர். கிட்டத்தட்ட முழுக் குவளையும் நுரையாகவே ஊற்றும் முறையும் ஒன்று உண்டு. அதன் பெயர் ம்லீகோ, அதாவது பால். இனிப்பாக இருக்கும், ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும்.

நம்மூரில் இதற்கு நேர் எதிர். "டேய், நுரை வராம சாச்சு ஊத்துடா!" நுரை வந்தால் காசு போச்சு என்று நினைக்கிறோம். ஹாப்ஸின் வாசனை முதலில் மூக்குக்கு வருவதே அந்த நுரை வழியாகத்தான். கீழே இருக்கும் பீரைக் காற்றிடமிருந்து மூடிக் காப்பதும் அதுதான். குவளையில் வெளியேறாத வாயு வயிற்றுக்குள் போய்த்தான் வெளியேறும். இரண்டு பாட்டிலிலேயே வயிறு உப்பிவிட்டது என்று சொல்பவர்கள் ஒருமுறை நுரைவிட்டு ஊற்றிப் பாருங்கள்.

இன்னொரு எதிரி வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது வெயில் பட்டால் அது உடைந்து ஒரு கந்தக வாடை உண்டாகிறது. பழுப்பு பாட்டில் இதைப் பெரும்பாலும் தடுக்கும். பச்சை பாட்டில் கொஞ்சம்தான் தடுக்கும், வெள்ளை பாட்டில் தடுக்கவே தடுக்காது. நான் கொண்டாடும் அந்தப் பில்சன் ஆலையின் பீரான பில்ஸ்னர் உர்க்வெல் கூடப் பல இடங்களில் பச்சை பாட்டிலில்தான் வருகிறது. அதை வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தால் நான் வாங்க மாட்டேன். சூடு சேர்ந்தால் இன்னும் மோசம். மாதக்கணக்கில் வெக்கையில் கிடந்த பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடிக்கும். தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் நான் பாட்டிலைக் கையில் எடுப்பதே இல்லை.

போதையின் அளவை வைத்துத் தரம் பிரிப்பதையும் விட்டுவிடலாம். பில்ஸ்னர் உர்க்வெல் 4.4 சதவீதம்தான். கருகருவென்று இருக்கும் கின்னஸ் குழாய் பீர் அதைவிடவும் குறைவு, 4.2. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீரை நாக்கு மரத்துப்போகும் அளவுக்கு ஜில்லென்று ஆக்கிக் குடித்தால் சுவை என்று ஒன்று தெரியவே வழியில்லை. ஏழெட்டு டிகிரி குளிர் போதும்.

இதையெல்லாம் மறுநாள் வீட்டுக்கார நண்பனிடம் சொன்னேன். "பேசாத, செஞ்சு காட்டு" என்றான். ஒரே பெட்டியிலிருந்து, ஒரே தேதி போட்ட இரண்டு பாட்டில் எடுத்தோம், அவனுடைய கிங்ஃபிஷரேதான். ஒன்றை அவன் வழக்கம்போல எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து ஊற்றினான். இன்னொன்றுக்கு நான் கண்ணாடி டம்ளரைச் சோடா உப்பு போட்டுக் கழுவி, தண்ணீரில் அலசி, நேராக நிறுத்தி ஊற்றினேன். நுரை பொங்கியது. பாதியில் நிறுத்தி, அது அடங்கிக் கெட்டியாகும் வரை காத்திருந்து, மிச்சத்தை ஊற்றினேன். அவன் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்தான்.

"இது வேற பீரு மாதிரி இருக்குடா" என்றான் என் டம்ளரைக் காட்டி.

"அப்ப சாச்சு ஊத்த மாட்டல்ல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த எவர்சில்வர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டான். முதல் சம்பளம் வாங்கிய அன்று, அவனும் அவன் அண்ணனும் இதே டம்ளரில், இதே பீரைத்தான் குடித்தார்களாம். அண்ணன் தவறி ஆறு வருடம் ஆகிறது. "நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இதுதான்டா" என்றான்.

மிச்சத்தை அவனுக்கு அவன் பாணியிலேயே சாய்த்து ஊற்றிக் கொடுத்தேன்.