அந்த அம்மா தூங்கட்டும், விடுங்கள்

இரண்டு நாளாக இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலும் அதே பதிவு வந்து விழுந்தது. "காலம் போற போக்கைப் பாருங்க" என்று எழுதி என் சொந்தச் சித்தப்பாவே அனுப்பியிருக்கிறார். இனி என்னால் சும்மா இருக்க முடியாது.

எந்தப் பதிவு என்று சொல்லத் தேவையில்லை. ஆட்டிசம் உள்ள மகனை மூன்று நாள் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிட்டுத் தங்கை கல்யாணத்துக்குப் பினாங்கு போன அந்த அம்மா. பட்டுப்புடவை கட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். கீழே நம் ஆட்கள் எழுதியதை நீங்களும் படித்திருப்பீர்கள். "பெத்தவளுக்கு எப்படி மனசு வந்துச்சு?" "பிள்ளையைத் தள்ளிவிட்டுட்டு அலங்காரம் வேறயா?" தலையில் பூ வைத்திருந்ததுகூட ஒருவர் கண்ணை உறுத்தியிருக்கிறது.

படத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இந்த அம்மா மூன்று ராத்திரி தூங்கியிருப்பார்.

என் தம்பிக்கு 26 வயது. ஆட்டிசம். பத்துப் பதினைந்து வார்த்தைதான் பேசுவான். சிங்கப்பூர் ஈசூனில் மூவறை வீடு. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு 63. தம்பிக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. ஆட்டிசம் உள்ள பலருக்கும் தூக்கம் பெரிய பிரச்சினை, வளர்ந்த பிறகும் சிலருக்கு அது போவதில்லை. இரண்டு மணிக்கு எழுந்து விளக்கை எல்லாம் போடுவான், குழாயைத் திறப்பான், கேட்டை உலுக்குவான். ஒருமுறை பூட்டாமல் விட்டுவிட்டோம். விடிகாலை நாலரைக்கு, புளோக்குக்கு எதிரில் உள்ள பேருந்து நிறுத்தத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். முதல் பஸ் வருவதைப் பார்க்கப் போயிருக்கிறான். அன்றிலிருந்து அம்மா கேட் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, கூடத்தில் கதவோரமாகத்தான் படுக்கிறார். படுக்கிறார் என்றுதான் சொன்னேன். தூங்குகிறார் என்று சொல்லவில்லை.

போன வருடம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. மூன்று முறை தேதியை மாற்றினோம், அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால். நான்காவது முறை ஓர் இல்லத்தில் இரண்டு ராத்திரிக்கு இடம் கிடைத்தது. பராமரிக்கிறவர் ஓய்வெடுக்கக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்வதை ரெஸ்பைட் கேர் என்கிறார்களே, அதுதான். அவனுடைய தலையணை, அவனுடைய பச்சைத் தட்டு, சோற்றின்மேல் குழம்பு படக்கூடாது, கைதட்டாதீர்கள், மிக்சி சத்தம் ஆகாது என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். முதல் ராத்திரி முழுக்க அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்தவர், காலை ஐந்து மணிவரை அசையவில்லை. நடுவில் நான் பயந்துபோய் மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன். மூச்சு வருகிறதா என்று. என் அம்மா தொடர்ந்து பதினொரு மணி நேரம் தூங்கி நான் பார்த்ததே இல்லை, அதனால்தான் அந்தப் பயம்.

இதைத்தான் நீங்கள் தள்ளிவிட்டுப் போவது என்கிறீர்கள்.

"அந்தக் காலத்தில் எங்க பாட்டி ஒன்பது பிள்ளை வளர்த்தாங்க, ஓய்வு கேட்டாங்களா?" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, உங்கள் பாட்டிக்கு மாமியார் இருந்தார், நாத்தனார் இருந்தார், பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். பிள்ளை தெருவில் ஓடினால் நாலு பேர் பிடித்துக்கொண்டு வந்து விட்டார்கள். எங்கள் மாடியில் தம்பி ஓடினால் கதவுதான் சாத்துகிறார்கள்.

"பணிப்பெண் வைத்துக்கொள்ளலாமே." வைத்தோம். இரண்டு பேர். உடற்குறை உள்ளவர் வீட்டில் இருந்தால் அரசாங்கத்துக்குக் கட்டும் பணிப்பெண் தீர்வை மாதம் 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான், அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் ஆறடி உயரமுள்ள பையன் கலங்கிப்போய்த் தன் தலையையே சுவரில் மோதிக்கொள்ளும்போது என்ன செய்வதென்று அந்தப் பெண்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இரண்டாவது பெண்ணின் கையைக் கடித்துவிட்டான். அவள் அழுதுகொண்டே போனாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

"அரசாங்கம்தான் எல்லாம் கொடுக்குதே." கொடுக்கிறது. 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி வந்தது. தெம்பனிஸில் 2023-இல் திறந்த எனேபிளிங் சர்வீசஸ் ஹப் என்ற உடற்குறையுள்ளோர் நிலையத்தில் சில மணி நேரம் விட்டுவிட்டுப் போகலாம். நல்ல விஷயம், இன்னும் நிறைய வரட்டும். வீட்டுப் பராமரிப்பு மானியம் மாதம் 200 வெள்ளியில் தொடங்கி, 2023-இல் 400 வரை உயர்ந்தது. ஆனால் அந்த மானியத்துக்கு என்ன பார்க்கிறார்கள் தெரியுமா? குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை, நடப்பது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. ஆறில் மூன்றுக்காவது எப்போதும் உதவி வேண்டும். என் தம்பி நடப்பான். நன்றாக நடப்பான். அவன் நடப்பதுதானே எங்கள் பயம்! அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இன்னொன்றும் இருக்கிறது. சிறப்புப் பள்ளியில் இருக்கிறவரை ஒரு நாளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பஸ், வகுப்பு, ஆசிரியர். பெரும்பாலும் 18 வயதோடு அது முடிகிறது. அதற்குப் பிறகு பகல்நேர நடவடிக்கை நிலையம், அதில் இடம், அந்த இடத்துக்கான காத்திருப்பு. தம்பி ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தான். பள்ளிப் பையைத் தினமும் காலையில் மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பான். அந்த ஒன்றரை வருடத்தில்தான் அம்மாவுக்கு முடி முழுக்க வெளுத்தது. அப்போது இதே உறவுக்காரர்கள் ஒருவர்கூட ஒரு மதியம் வந்து உட்காரவில்லை.

"முன்பின் தெரியாதவர்களிடம் விட்டால் ஏதாவது ஆகாதா?" இது ஒன்றுதான் நியாயமான கேள்வி. எங்களுக்கும் அந்தப் பயம் உண்டு, வாய் பேசாத பிள்ளை எதையும் வந்து சொல்லாது. அதனால்தான் நேரில் போய்ப் பார்த்து, அங்குள்ளவர்கள் அவனிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்து, பிறகு விட்டோம். அந்தப் பினாங்கு அம்மாவும் அதைச் செய்திருக்க மாட்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

சித்தப்பா, இது உங்களுக்கு. உங்கள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்? "அவனை மட்டும் எங்கயாச்சும் விட்டுட்டு வாங்க அண்ணி, கூட்டத்துல சங்கடம்." நான் காப்பி போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றேன், காதில் விழுந்தது. அப்போது எங்கே விடுவது என்று தெரியாததால் அம்மா வரவே இல்லை. இப்போது ஒருத்தி விட்டுவிட்டுப் போனால் அதுவும் தப்பு. அழைத்து வந்தால் சங்கடம், விட்டு வந்தால் பாவம் என்றால் எங்களை எங்கேதான் போகச் சொல்கிறீர்கள்?

பெண் பார்க்க வந்தவர்களும் கேட்டார்கள். "அம்மாவுக்கு அப்புறம் தம்பி?" என்கூடத்தான் என்றேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை. அழுதேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மாவுக்குப் பிறகு அவனுக்கு யார் என்ற கேள்விக்கு நான் ஒருத்தி மட்டுமே பதிலாக இருக்க முடியாது. அந்த அம்மா மகனை மூன்று நாள் வேறொரு வீட்டில் தூங்கப் பழக்கியிருக்கிறார். நாளைக்கு அவர் இல்லாதபோது அந்தப் பையனுக்குக் கைகொடுக்கப்போவது அதுதான்.

நேற்று அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னொரு கண் இன்னும் மங்கல்தான். "நல்லாச் சிரிக்கிறா" என்றார். பிறகு, "கல்யாணத்துல உட்காந்து சாப்பிட்டிருப்பா, இல்ல?" என்றார்.

அம்மாவின் அந்தக் கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். தம்பிக்கு இந்த முறை இன்னும் இடம் கிடைக்கவில்லை. அந்தப் பதிவில் கருத்து எழுதிய அத்தனை பேரில் ஒருவர், காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை, எங்கள் வீட்டில் வந்து உட்கார முடியுமா? உண்மையாகத்தான் கேட்கிறேன். உள்பெட்டியில் சொல்லுங்கள், முன்னதாக இரண்டு முறை வந்து அவனோடு பழகிக்கொள்ளலாம். வரும்போது மணி அடிக்காதீர்கள், அந்தச் சத்தம் அவனுக்கு ஆகாது. கீழே லிஃப்ட் பக்கத்தில் நின்று போன் பண்ணுங்கள், நான் வந்து அழைத்துப் போகிறேன்.