முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த ரசீது

"போலீஸ் ரெக்கார்டு இருந்தால் வக்கீலாக முடியாது." மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் வாசல் முதல் கோப்பிக் கடை வரை இந்தத் தீர்ப்பை இலவசமாக வழங்க ஆட்கள் உண்டு. இருபது ஆண்டுகளாக வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் கோப்பு சுமக்கும் எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

போன வாரம் ஒரு தந்தை மகனோடு வீட்டுக்கு வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். மகன் சட்டம் படிக்கிறான். பிளாஸ்டிக் பையிலிருந்து நான்காக மடித்த நீதிமன்ற ரசீதை எடுத்து வைத்தார். அபராதம் 1,200 ரிங்கிட். மடிப்பெல்லாம் விபூதி.

"முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். காசு கட்டியதோடு முடிந்தது என்றார்களே, தம்பி?"

மகனுக்குப் பத்தொன்பது வயதில், திருவிழாக் கூட்டத்தில் கைகலப்பு. ஒருவனுக்கு உதடு கிழிந்தது. நீதிமன்றத்துக்குத் துணையாக வந்த லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பெரியவர் சொன்ன யோசனை: "ஒத்துக்கொள், அபராதத்தைக் கட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்." அப்படியே இருந்தான்.

என் கோபம் அந்த மத்தியானத்தின் மேல்தான். கைதாகிறவர்களுக்கு தேசிய சட்ட உதவி அறக்கட்டளை 2012 முதல் இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது. பெரிய குற்றமாக இல்லாவிட்டால், தண்டனையைப் பதிவு செய்யாமலே விடுவிக்கும்படி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவில் கேட்கலாம். கிடைத்திருக்குமா என்பது வேறு. கேட்க ஆளில்லை.

இனி வக்கீல் கனவு. 1976-ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டத்தின் 11-ஆவது பிரிவு எந்தக் குற்றமானாலும் கதவைச் சாத்து என்று சொல்லவில்லை. நன்னடத்தை வேண்டும், இத்தொழிலுக்குத் தகுதியற்றவராக்கும் குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது, குறிப்பாக மோசடியும் நாணயக்கேடும். உதடு கிழிந்த சண்டையும் உண்டியல் பணத்தைச் சுருட்டியதும் ஒன்றல்ல. (நம் ஊரில் இரண்டாவது ஆளுக்குத்தான் மாலை விழும்.)

உத்தரவாதம் என்று நான் சொல்லவில்லை. ஒன்பது மாதப் பயிற்சிக்குப் பின் உயர்நீதிமன்றத்தில் மனு, சத்தியப் பிரமாணம், இரண்டு நன்னடத்தைச் சான்றிதழ்கள். வழக்கறிஞர் மன்றமும் சட்டத்துறைத் தலைவரும் ஆட்சேபிக்கலாம்.

பையன் அதுவரை வாய் திறக்கவில்லை. மெதுவாகக் கேட்டான்: "சத்தியப் பிரமாணத்தில் இதை எழுதாமல் விட்டால் யாருக்கு அண்ணே தெரியும்?"

அமெரிக்காவில் இரண்டு பேர் கதையைச் சொன்னேன். பதினாறு வயதில் துப்பாக்கி முனையில் கார் பறித்து எட்டு ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தவர் டுவெய்ன் பெட்ஸ். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். வழக்கறிஞர்களைச் சேர்க்கும் கனெடிகட் மாநிலக் குழு முதலில் தயங்கியது, 2017-இல் சேர்த்துக்கொண்டது. ஸ்டீபன் கிளாஸ் சிறைக்கே போனவரில்லை. பத்திரிகையில் பொய்ச் செய்திகளைப் புனைந்து எழுதியவர். அவரை வழக்கறிஞராகச் சேர்க்கக் கலிபோர்னியா உச்சநீதிமன்றம் 2014-இல் மறுத்துவிட்டது. "இதில் நீ யார் பக்கம் நிற்கப் போகிறாய்?" என்றேன். சண்டையை மறைத்துச் சத்தியம் செய்தால், இல்லாதிருந்த நாணயக்கேட்டை அவனே உண்டாக்கிக்கொள்கிறான்.

பேனா கேட்டான். தேதி, நீதிமன்றம், அபராதத் தொகை என்று மூன்று வரி எழுதிவிட்டு நிமிர்ந்தான். "அடித்ததையும் எழுதவா?" எழுது என்றேன்.

ரசீதை நகலெடுத்துக்கொண்டேன். அசலை அதே மடிப்பில் மடித்து அப்பா பையில் போட்டுக்கொண்டார்.

"இது பழைய இடத்திலேயே இருக்கட்டும், தம்பி."