உடற்பயிற்சி மருந்து என்றால் அளவு எங்கே?

அண்மையில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். மறுவாழ்வு சிகிச்சையில் பெரிய பெயர் உள்ள பேச்சாளர், 40 நிமிட உரை. முதல் ஸ்லைடிலேயே ஒரு மாத்திரை அட்டைப் படம். மாத்திரை இருக்க வேண்டிய குழிகளில் ஓடுகிற, நீந்துகிற, சைக்கிள் மிதிக்கிற குட்டி மனிதர்கள். “உடற்பயிற்சியே மருந்து” என்றார். கைதட்டினோம், நானும்தான்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட் எழுந்தார். “முழங்கால் தேய்மானம் உள்ள 70 வயதுக்காரருக்கு எத்தனை கிலோவில் ஆரம்பிக்கலாம்? எப்போது கூட்டலாம்?”

“நல்ல கேள்வி. அது ஆளைப் பொறுத்தது.” அவ்வளவுதான். மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

ஆளைப் பொறுத்ததுதான், மறுக்கவில்லை. இரத்த அழுத்த மாத்திரையும் ஆளைப் பொறுத்ததுதான். அதற்காக எந்த டாக்டரும் சீட்டில் ‘மாத்திரை சாப்பிடவும்’ என்று மட்டும் எழுதி அனுப்புவதில்லையே! எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எப்போது திரும்ப வந்து காட்ட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். நம் பிசியோதெரபி துறையில் மட்டும் ‘நடங்க, கொஞ்சம் பயிற்சி செய்யுங்க’ என்பது சிகிச்சையாகிவிடுகிறது. மேடையில் நிற்கிற நிபுணரிடம் எனக்கு இப்போது ஒரே எதிர்பார்ப்புதான்: அளவைச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்றாவது சொல்லுங்கள்.

அளவு சொன்னவர்கள் இருக்கிறார்கள். 1990-இல் மரியா ஃபியட்டரோன் குழு வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேர், சராசரி வயது 90. அவர்களிடம் மெல்லிய ரப்பர் பட்டையைக் கொடுத்து உட்கார வைக்கவில்லை. ஒரே ஒரு தடவை அதிகபட்சமாக எவ்வளவு எடையைத் தூக்க முடியும் என்று பார்த்து, அதில் 80 சதவீதம் வரை கொண்டுபோனார்கள். வாரம் 3 நாள், 3 செட், செட்டுக்கு 8 தடவை. எட்டே வாரத்தில் தொடைத் தசையின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. சிறிய ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படித்து முடித்ததும் மறுநாள் காலை என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது.

குதிகால் நரம்பு வலி என்று மக்கள் சொல்கிற அக்கிலிஸ் தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைப்பது) வலிக்கு 1998-இல் ஹொகான் ஆல்ஃபிரட்சன் குழு சொன்னதும் அப்படித்தான். படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டியும் மடக்கியும், தலா 15 தடவை, 3 செட், காலையும் மாலையும். நாளுக்கு 180 தடவை, 12 வாரம். வலித்தால் நிறுத்தாதே, வலி போய்விட்டால் முதுகுப்பையில் எடை போடு. அவ்வளவு தெளிவாகச் சொன்னதால்தான் பின்னால் வந்தவர்களால் அதை மற்ற முறைகளோடு ஒப்பிட முடிந்தது. வாரம் 3 நாள் கனமான எடையோடு மெதுவாகச் செய்தாலும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைப்பதைக் கண்டார்கள். ‘கொஞ்சம் செய்யுங்க’ என்பதை யார் சோதிப்பது?

இதில் நான் அதிகம் மதிப்பது ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்டை. அவரும் பிசியோதெரபிஸ்ட்தான். பக்கவாதம் வந்தவர்களைப் படுக்கையிலேயே போட்டுவைக்காமல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி நடமாட வைத்தால் நன்றாகத் தேறுவார்கள் என்பது அவர் பல ஆண்டுகள் வளர்த்த எண்ணம். அதைச் சோதிக்க ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்: 5 நாடுகள், 56 மருத்துவமனைகள், 2,104 நோயாளிகள். 2015-இல் முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், சீக்கிரமாகவும் அதிகமாகவும் எழுப்பப்பட்டவர்களில் 46 சதவீதம் பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 சதவீதம். தன் எண்ணத்துக்கு எதிராக வந்த முடிவை அவரே வெளியிட்டார்.

அதோடு விட்டுவிடவும் இல்லை. அதே தகவலைத் திரும்ப அலசியபோது, ஒரே மூச்சில் நீண்ட நேரம் எழுப்புவதைவிட, சின்னச் சின்னதாகப் பல தடவை எழுப்புவது நல்ல பலனோடு சேர்ந்து வந்தது. அதாவது கேள்வி ‘எழுப்பலாமா, கூடாதா’ என்பதிலிருந்து ‘எவ்வளவு நேரம், எத்தனை தடவை’ என்பதற்கு நகர்ந்தது. வெற்றிக் கதை சொல்லும் பத்து உரைகளைவிட இப்படி ஒன்று கேட்டால் போதும் எனக்கு.

நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்கிற விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1960-களில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்த எண். 2019-இல் வெளியான ஆய்வில் ஐ-மின் லீ குழு 16,741 வயதான பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது; 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. இப்போதும் மேடையில் ஒருவர் பத்தாயிரம் என்று கூசாமல் சொன்னால், நான் போனை எடுத்து வாட்ஸ்அப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

சரி, அடுத்தவரைச் சொல்வது சுலபம். என் கதைக்கு வருகிறேன்.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பாட்டிக்கு முழங்கால் வலி. கணுக்காலில் அரைக் கிலோ மணல்பட்டை கட்டி, உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கச் சொல்லியிருந்தேன். பத்து தடவை, தினமும். நல்ல மாணவி, ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஒரு நாள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பயிற்சி முடிந்ததும் மணல்பட்டையை அவிழ்த்து என்னிடம் பத்திரமாகக் கொடுத்தார். அப்புறம் குனிந்து, குழந்தையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார். குழந்தை எப்படியும் 11 கிலோ இருக்கும். நான் கையில் அரைக் கிலோவோடு நின்றுகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் நோயாளிகளுக்கு எழுதிக்கொடுத்த பழைய பயிற்சித் தாள்களை எடுத்துப் பார்த்தேன். அவருக்கு மட்டுமல்ல, இடுப்பு எலும்பு முறிந்தவருக்கும், முதுகு வலிக்காரருக்கும் அதே ‘10 தடவை’. எங்கே கற்றேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பத்து என்பது எண்ண வசதியான எண், அவ்வளவுதான் போல.

அடுத்த மாதம் என்னை 20 நிமிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் ஸ்லைடு தயார்: பெயரை மறைத்துவிட்டு அந்தப் பாட்டியின் தாள். இரண்டாவதில் அவருடைய இப்போதைய தாள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, மார்போடு அணைத்த 6 கிலோவோடு, 8 தடவை, 3 செட், வாரம் 3 நாள். எட்டாவது தடவை சுலபமாக வந்தால் அடுத்த வாரம் ஒரு கிலோ கூடும். மூன்றாவது ஸ்லைடு இன்னும் காலியாக இருக்கிறது. கூட்டிய பிறகு வலி அதிகமாகி வராமலே நின்றுவிட்ட இரண்டு பேரைப் பற்றி அதில் சொல்ல வேண்டும்.