பொரி போடாதவரின் கேலி

எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு பையனின் சிறு நன்கொடையைக் கேலி செய்த அந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அதை இங்கே மறுபடி ஒட்டி, கேலி செய்தவருக்கு இன்னும் நாலு பார்வையாளர்களைச் சேர்த்துக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. பெயரும் சொல்லப்போவதில்லை. யாரென்று தெரியாதவர்கள் நிம்மதியாக இருங்கள்.

அந்தப் பையன் அப்படி என்ன செய்துவிட்டான்? நண்பர்களோடு சேர்ந்து நிலநடுக்க நிவாரணத்துக்குக் கொஞ்சம் பணம் திரட்டினான், அனுப்பினான், ரசீதைப் போட்டான். பெரிய தொகை இல்லை. பாதிப் பேர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். அதைப் பகிர்ந்து, பல்லாயிரம் பேர் பின்தொடரும் அந்தப் பெரிய மனிதர் எழுதினார்: "யானைப் பசிக்குச் சோளப்பொரி." கூடவே சில சிரிப்பு முகங்கள். மாலைக்குள் பையன் பதிவை நீக்கிவிட்டான்.

கேலி செய்தவர் பொரியாவது போட்டாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். போட்டாரா?

சிறு தொகை கேலிக்குரியது இல்லை. இந்தப் பதிவில் எனக்குச் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். பல முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010 ஜனவரி 12 அன்று ஹைதியில் நிலநடுக்கம். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கைப்பேசிக் குறுஞ்செய்தி மூலம் நன்கொடை கேட்டது. ஒரு செய்திக்குப் 10 டாலர். அந்த நாட்டில் அதைக் கொடுத்ததற்காக யாரும் மாலை போட மாட்டார்கள். அப்படி வந்த பணம் மட்டும் 3 கோடி டாலரைத் தாண்டியது. பத்துப் பத்தாக. ஒவ்வொருவரும் "என் பத்து டாலர் எந்த மூலைக்கு" என்று கைப்பேசியைக் கீழே வைத்திருந்தால் அங்கே சேர்ந்திருப்பது பூஜ்யம்.

உடனே ஒருவர் வருவார் என்று தெரியும். "அந்தப் பணம் என்னவாயிற்று தெரியுமா?" தெரியும் ஐயா. 2015இல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனமும் அமெரிக்கப் பொது வானொலியும் சேர்ந்து அதைத் தோண்டின. ஹைதிக்காக அந்தச் சங்கம் திரட்டியது ஏறக்குறைய 50 கோடி டாலர். கட்டிய நிரந்தர வீடுகள் ஆறு என்று எழுதினார்கள். சங்கம் தன் தரப்பு விளக்கத்தைச் சொன்னது. படித்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் அதிலிருந்து என்ன முடிவுக்கு வர வேண்டும்? கொடுப்பதற்கு முன் விசாரிக்க வேண்டும் என்பதா, கொடுக்கவே கூடாது என்பதா? இரண்டாவது முடிவுக்கு வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். முறைகேட்டுச் செய்தி வருவதற்கு முன்பும் அவர்கள் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தச் செய்தி அவர்களுக்கு வசதியான சாக்கு. அவ்வளவுதான்.

விசாரிப்பது அப்படியொன்றும் கடினமும் இல்லை. பேரிடருக்கு முன்பே அந்த மண்ணில் வேலை செய்துகொண்டிருந்த அமைப்பா, அந்த மொழி பேசும் ஆட்கள் இருக்கிறார்களா, தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிறதா என்று பார்த்தால் போதும், பாதிப் போலிகள் உதிர்ந்துவிடும். 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த மனிதாபிமான உதவி மாநாட்டில் பெரிய நாடுகளும் ஐ.நா. அமைப்புகளும் கூடி, 2020க்குள் நிவாரண நிதியில் நாலில் ஒரு பங்கை இயன்றவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுப்போம் என்று உறுதி சொன்னார்கள். காலம் கடந்தது, இலக்கை எட்டவில்லை. பெரிய பணக்காரர்களே தடுமாறிய இடத்தில், அந்தப் பையன் நேராக உள்ளூர்க் குழு ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தான். அதை யாராவது கவனித்தீர்களா? தொகையைத்தானே பார்த்தீர்கள்.

இன்னொன்றும் செய்திருந்தான். எல்லோருடைய பங்கையும் சேர்த்து ஒரே தவணையாக அனுப்பினான். எல்லை தாண்டிப் பணம் அனுப்பியவர்களுக்குத் தெரியும்: வங்கிக் கட்டணமும் நாணய மாற்று வித்தியாசமும் சிறு தொகையைத்தான் அதிகம் கடிக்கும். பத்துப் பேர் தனித்தனியாக அனுப்பினால் பத்துக் கட்டணம். சேர்ந்து அனுப்பினால் ஒன்று. கையில் குறைவாக வைத்திருப்பவன் கற்றுக்கொள்ளும் கணக்கு இது. அதிகம் வைத்திருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, சிரிக்காமலாவது இருந்திருக்கலாம்.

இனி என் கதை. நெருங்கியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு இதுவரை சொன்னதில்லை. சிறுவனாக இருந்தபோது வெள்ளம் எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மூட்டை மூட்டையாகத் துணி வந்தது. அதில் எனக்குக் கிடைத்தது தோள் கிழிந்த பெரிய ஆள் சட்டை. அதை வாங்கும்போது ஒரு புகைப்படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். (அந்தப் புகைப்படம் எங்காவது ஓர் ஆண்டறிக்கையில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்.) எங்களுக்கு வேண்டியிருந்தது சட்டை இல்லை. அப்பா ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். அவருடைய மூக்குக்கண்ணாடி தண்ணீரோடு போய்விட்டது. கண்ணாடி இல்லாமல் அவரால் ஒரு வரி படிக்க முடியாது. படிக்க முடியாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்ப வழியில்லை. எந்த நிவாரண மூட்டையில் அவருடைய பவருக்கு ஏற்ற கண்ணாடி இருக்கும்? எந்த அதிகாரி வந்து "உங்களுக்குக் கண்ணாடி வேண்டுமா?" என்று கேட்பார்?

அப்போது ஒரு மணியார்டர் வந்தது. அப்பாவோடு முன்பு வேலை பார்த்து, தொலைதூர ஊர் ஒன்றுக்குப் போய்விட்ட நண்பர் அனுப்பியிருந்தார். அவரும் கடனில் இருந்தவர்தான். தொகை சிறியது. கீழே செய்தி எழுதும் இடத்தில், "எதற்கென்று கேட்கவில்லை. வேண்டியதை வாங்கிக்கொள்" என்று எழுதியிருந்தார். அப்பா கண்ணாடி வாங்கினார். அடுத்த வாரம் வேலைக்குப் போனார்.

அதனால்தான் சொல்கிறேன், சிறு தொகை கேலிக்குரியது இல்லை. அந்த மணியார்டரைப் பார்த்தும் யாராவது பொரி என்று சொல்லியிருப்பார்கள். ("சிறு துளி பெருவெள்ளம்" என்று ஆறுதல் சொல்ல வருபவர்களே, வெள்ளத்தில் வீட்டை இழந்தவனிடம் அந்தப் பழமொழியை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.)

மூட்டை அனுப்புகிறவர்களின் மனதை நான் குறை சொல்லவில்லை. குறை சொல்லவில்லை என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் சொல்லத்தான் போகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வந்து குவிந்த பழைய துணிகளை நினைத்துப் பாருங்கள். கடலில் எல்லாவற்றையும் இழந்த மீனவர்கள், பிறர் உடுத்திக் கழித்ததைத் தொட மறுத்தார்கள். சாலையோரத்தில் மலைபோலக் கிடந்ததை அள்ளுவது தனி வேலையாயிற்று. அதே சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு 4,000 டன் மருந்து போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்தவர்கள் 20 லட்சம் பேர்கூட இல்லை. மருந்தில் பெரும்பகுதிக்கு அந்த மக்களால் படிக்க முடியாத மொழியில் லேபிள். காலாவதியானவையும் அதில் இருந்தன. பிறகு அதை அழிக்கத் தனியாகச் செலவு. பொருள் என்றால் அதற்கு லாரி வேண்டும், கிடங்கு வேண்டும், பிரிக்க ஆள் வேண்டும், சுங்கம் தாண்ட வேண்டும். பணத்துக்கு இது எதுவும் வேண்டாம். அது போய்ச் சேர்ந்த இடத்தில், தேவைப்பட்ட பொருளாக மாறிக்கொள்ளும். பாதிக்கப்பட்ட ஊரில் தப்பிப் பிழைத்த கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும். சிறிய பணத்துக்கும் இது பொருந்தும். பெரிய மூட்டைக்குப் பொருந்தாது. ஆனால் மூட்டை கட்டுகிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. மூட்டை கண்ணுக்குப் பெரியதாகத் தெரிகிறது அல்லவா?

"பணமே இல்லாதவன் என்ன செய்வான்?" என்று ஒரு தங்கை உள்பெட்டியில் கேட்டாள். இந்தக் கூச்சலில் உருப்படியாக வந்த ஒரே கேள்வி. ஹைதியில் சிக்கியவர்கள் 4636 என்ற எண்ணுக்குத் தங்கள் கிரியோல் மொழியில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். மீட்புப் பணிக்கு வந்த வெளிநாட்டவருக்கு அந்த மொழி தெரியாது. வேறு நாடுகளில் வாழ்ந்த ஹைதி மக்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே இரவும் பகலும் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். 2015 ஏப்ரலில் நேபாளம் குலுங்கியபோது, உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் சாலைகளையும் வீடுகளையும் குறித்தார்கள். வரைபடத்திலேயே இல்லாத மலைக்கிராமத்துக்கு மீட்புக் குழு எப்படிப் போகும்? ஒரு கணினி, இணைய இணைப்பு, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். இப்போதும் அந்த வேலைக்கு ஆள் தேவை.

அதுவும் முடியாவிட்டால், பொய்யைப் பரப்பாமல் இருக்கலாம். 2023 துருக்கி நிலநடுக்கத்தின்போது, குழந்தையைத் தூக்கி நிற்கும் தீயணைப்பு வீரர் ஒருவரின் படம் நன்கொடை கேட்டு உலகைச் சுற்றியது. அவர் வலது கையில் ஆறு விரல். செயற்கை நுண்ணறிவு வரைந்த படம், மோசடிக் கணக்கு. எத்தனை நல்ல மனிதர்கள் அதைக் கண்ணீரோடு பகிர்ந்தார்களோ.

சரி, அடுத்த குற்றச்சாட்டு. "விளம்பரத்துக்காகத்தானே ரசீதைப் போட்டான்?" பத்துப் பேரிடம் பணம் வாங்கியவன் ரசீதைக் காட்டாவிட்டால் நீங்களே திருடன் என்பீர்கள். காட்டினால் விளம்பரம் என்கிறீர்கள். எப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு கையேடு போட்டுவிடுங்கள்.

"இதெல்லாம் அரசுகள் செய்ய வேண்டியது." ஆம். செய்யட்டும்.

"பக்கத்துத் தெருவில் ஏழைகள் இல்லையா, எங்கோ இருப்பவனுக்கு ஏன்?" இந்தக் கேள்விதான் என்னை மிகவும் சலிப்படைய வைக்கிறது. இதைக் கேட்கும் யாரையும் நான் அந்தப் பக்கத்துத் தெருவில் பார்த்ததில்லை. தூரத்தில் இருப்பவனுக்குக் கொடுக்க நினைத்தால் அருகில் இருப்பவனைக் காட்டுவார்கள். அருகில் கொடுத்தால் சோம்பேறியாக்கிவிடுவாய் என்பார்கள். 1847இல் அமெரிக்காவின் சோக்டா பழங்குடியினர், தங்கள் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டு, வழியில் ஆயிரக்கணக்கில் மடிந்து பதினாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பெருங்கடலுக்கு அப்பால் அயர்லாந்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். முன்பின் பார்த்திராத மக்களுக்கு. 2020இல் கொரோனா அமெரிக்காவின் வேறு பழங்குடிகளான நவஹோ, ஹோபி மக்களைத் தாக்கியபோது, அந்த 170 டாலரைச் சொல்லிச் சொல்லி அயர்லாந்துக்காரர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். பசித்துக்கிடந்த ஒரு நாட்டுக்கு 170 டாலர் எந்த மூலைக்கு? நல்லவேளை, அன்றைக்குச் சிரிப்பு முகங்கள் கிடையாது.

இவ்வளவும் வாதம். உண்மையில் என்னைத் தூங்கவிடாதது வாதமே இல்லை. அந்தக் கேலிக்குச் சிரித்தவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நாற்பது வயதுக்கு மேல் மனிதர்களைப் புதிதாகத் தெரிந்துகொள்வது நல்லதில்லை. அதில் எனக்கு மிக வேண்டிய ஒருவர் இருந்தார். என் அப்பாவின் கண்ணாடி எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன். கேட்டபோது கண் கலங்கியவர். அதே விரலால்தான் சிரிப்பு முகத்தையும் அழுத்தியிருக்கிறார். "சும்மா விளையாட்டுக்கு" என்று நாளை சொல்வார். சொல்லட்டும். இல்லாதவன் கொடுப்பது உங்களுக்கெல்லாம் எப்போது விளையாட்டாயிற்று என்று நான் திருப்பிக் கேட்பேன். அல்லது கேட்காமல் விட்டுவிடுவேன். தெரியவில்லை.

நீங்கள் சிரிப்பது தொகையைப் பார்த்து இல்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கொடுக்கும் உரிமையே வசதியுள்ளவர்களுக்குத்தான் என்று உள்ளுக்குள் நினைக்கிறீர்கள். ஏழை வாங்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், புகைப்படத்துக்குச் சிரிக்க வேண்டும். அவன் எழுந்து இன்னொருவனுக்குக் கொடுத்தால் உங்களுக்குக் கூசுகிறது. இது கொஞ்சம் அதிகப்படியான குற்றச்சாட்டு என்பீர்கள். இருக்கலாம். திரும்பப் பெறுவதாக இல்லை.

தம்பிக்கு ஒரு வார்த்தை. இதை யாராவது அவனிடம் காட்டுங்கள். முதல் வாரம் எல்லோரும் கொடுப்பார்கள். 2005 ஜனவரி தொடக்கத்திலேயே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, சுனாமிப் பணிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டது. கேமராக்கள் போன பிறகுதான் பற்றாக்குறை தொடங்கும். ஆறாவது மாதத்தில் கூடாரம் கிழியும், பள்ளிக்கூடம் இன்னும் கட்டப்பட்டிருக்காது, செய்தியில் வேறு ஊர் வந்திருக்கும். எனவே ஒரே முறை கொடுப்பதைவிட, தாங்கக்கூடிய அளவு மாதந்தோறும் கொடுப்பது நல்லது. "இந்த வேலைக்கு மட்டும்" என்று கட்டிப்போடாமல் கொடுத்தால் இன்னும் நல்லது.

நான் அந்தப் பையன் அனுப்பிய அதே குழுவுக்கு அடுத்த மாதத்திலிருந்து அனுப்பப்போகிறேன். சேர்ந்து அனுப்பினால் ஒரே கட்டணம் என்று மேலே சொன்னேன். விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். குழுவின் கணக்கறிக்கையைத் தருகிறேன், படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது ரசீதில் இருக்காது, மொத்தம் மட்டும்தான் இருக்கும். அந்த ரசீதை இங்கேயே, இதே பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி போடுவேன்.