போர்டில் யார் யார் என்று சாதியையும் சேர்த்து எண்ணுங்கள்

91.36 சதவீதம்.

2020 செப்டம்பரில் அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற கம்பெனியில் வள்ளி அருணாசலத்தை இயக்குநராகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று நடந்த வாக்கெடுப்பில் வேண்டாம் என்று விழுந்த வாக்கு இவ்வளவு. அவர் வெளியாள் இல்லை. முருகப்பா குழுமத்தின் தலைவராக இருந்த எம்.வி.முருகப்பனின் மகள். அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2017-ல் அப்பா இறந்துபோனார். அம்பாடியில் குடும்பத்தின் அந்தக் கிளைக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தது. அந்தப் பங்குக்கு உரிய ஒரு இடத்தைத்தான் போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், கேட்டார். பெண் என்பதால் மறுக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2023-ல் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது.

அம்பாடி எப்படிப்பட்ட கம்பெனி என்பதை இங்கே கவனிக்க வேண்டும். குழுமத்தின் மற்ற கம்பெனிகளில் பங்குகளை வைத்திருக்கும் குடும்ப முதலீட்டு நிறுவனம் அது, பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாதது. பட்டியலிட்ட கம்பெனிகளில் பெண் இயக்குநர் இருந்தே தீர வேண்டும் என்ற சட்டம் அதற்குள் நடைமுறைக்கு வந்து ஐந்து வருடம் தாண்டியிருந்தது. நாட்டில் பெரும்பாலான கம்பெனிகள் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியும் இருந்தன. ஆனால் பிடி எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பார்த்தால்தான் உள்ளே யாரை விடுகிறார்கள், யாரை விடமாட்டார்கள் என்பது தெரிகிறது.

அந்தச் சட்டம் வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 149-வது பிரிவு, பட்டியலிட்ட ஒவ்வொரு கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி முதலில் 2014 அக்டோபர் 1 வரை கெடு வைத்தது, அப்புறம் 2015 ஏப்ரல் 1 வரை நீட்டித்தது. அதையும் தாண்டினால் ஐம்பதாயிரம் ரூபாயில் தொடங்கி அபராதம். நார்வே 2003-ல் நாற்பது சதவீதம் என்று சட்டம் போட்டு, 2008-க்குள் நிறைவேற்றாவிட்டால் கம்பெனியையே கலைக்கலாம் என்று வைத்தது. இங்கே கேட்டது ஒரே ஒரு பெண்ணை. அதற்கே கடைசி வாரம் வரை இழுத்தடித்தார்கள்.

அந்த 2015 மார்ச் மாதம் நான் சென்னையில் ஒரு கம்பெனியின் செக்ரடேரியல் பிரிவில், அதாவது போர்டு கூட்டங்களையும் கம்பெனிச் சட்டப் படிவங்களையும் கவனிக்கும் பிரிவில், வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் மனைவியுடைய பான் கார்டு நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, முகவரிச் சான்று எல்லாம் ஒரு பழுப்பு உறையில் டிரைவர் கையில் வந்து சேர்ந்தன. அவசர அவசரமாக இயக்குநர் எண்ணுக்கு விண்ணப்பித்தோம். டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி டோக்கன் வந்தது. அது அந்த அம்மாவின் கைக்குப் போகவே இல்லை. செக்ரட்டரியின் மேஜை டிராயரில், பாஸ்வேர்டு எழுதிய சீட்டு சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். அவர் பெயரில் எந்தப் படிவம் போக வேண்டுமானாலும் டிராயரைத் திறந்தால் போதும்.

அந்த அம்மா எம்.காம். படித்தவர். பேலன்ஸ் ஷீட் பார்க்கத் தெரிந்தவர். ஒரு கூட்டத்தில், குழுமத்தின் இன்னொரு கம்பெனிக்கு ஏன் இவ்வளவு கடன் கொடுத்திருக்கிறோம் என்று கேட்டார். "அதெல்லாம் ஆடிட் கமிட்டியில பாத்தாச்சும்மா" என்று பதில் வந்தது, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். கூட்டத்தின் பதிவான மினிட்ஸில் அந்தக் கேள்வி இல்லை. அன்றைக்கு அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது என்று இன்றும் நினைக்கிறேன்.

இதனால் சட்டமே வீண் என்று சொல்ல வரவில்லை. சட்டத்துக்கு முன்னால் இந்தியக் கம்பெனி இயக்குநர்களில் இருபதில் ஒருவர் அளவுக்குத்தான் பெண்கள் இருந்தார்கள். இன்று ஐந்தில் ஒருவர் என்ற அளவை நெருங்கியிருக்கிறோம். மனைவியையும் மகளையும் உட்கார வைத்துக் கணக்குக் காட்டுகிறார்கள் என்று தெரிந்த பிறகு, தான் அமைத்த உதய் கோட்டக் குழுவின் பரிந்துரைப்படி செபி விதியை இறுக்கியது. சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகள் 2019 ஏப்ரலுக்குள், முதல் 1000 கம்பெனிகள் 2020 ஏப்ரலுக்குள், ப்ரோமோட்டர், அதாவது முதலாளி, குடும்பத்தைச் சேராத ஒரு பெண்ணை, அதாவது இன்டிபெண்டன்ட் டைரக்டராக ஒரு பெண்ணைச் சேர்க்க வேண்டும் என்று வந்தது. எத்தனையோ தகுதியான பெண்கள் அதனால்தான் உள்ளே வந்தார்கள். கட்டாயப்படுத்தாமல் இது நடந்திருக்காது. எண்ணச் சொன்னதால் எண்ணினார்கள், எண்ணியதால் மாறியது.

அப்படியானால் எண்ணாதது எது?

2012-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் டி.அஜித், ஹான் டோங்கர், ரவி சக்சேனா மூவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியாவின் முன்னணி ஆயிரம் கம்பெனிகளின் இயக்குநர்கள், ஒன்பதாயிரம் பேருக்கு மேல். அவர்களில் சுமார் 93 சதவீதம் முன்னேறிய சாதியினர். இதர பிற்படுத்தப்பட்டோர் நான்கு சதவீதத்துக்கும் கீழே. பட்டியல் சாதி, பழங்குடி இரண்டையும் சேர்த்தாலும் அதே கதைதான். குடும்பப் பெயரை வைத்துச் செய்த கணக்கு என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் 93 என்பது 70 ஆகிவிடாது. 2012-ல் வந்த அந்த ஆய்வைத்தான் நாம் இன்றும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம். காரணம், எந்தக் கம்பெனியும் இந்த விவரத்தைத் தர வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

கம்பெனிகள் தங்கள் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பைப் பற்றிக் கொடுக்க வேண்டும் என்று செபி வைத்திருக்கும் பிஆர்எஸ்ஆர் அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். முதல் ஆயிரம் கம்பெனிகள் வருடா வருடம் கொடுக்க வேண்டியது. போர்டில் பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளி ஊழியர்கள் எத்தனை பேர், எத்தனை லிட்டர் தண்ணீர் செலவானது, எல்லாம் கேட்கிறது. விளிம்புநிலைச் சமூகங்களைச் சேர்ந்தவர்களிடம் சரக்கு வாங்குவதற்குத் தனிக் கொள்கை இருக்கிறதா என்றுகூடக் கேட்கிறது. அந்தச் சமூகங்களிலிருந்து போர்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்பதில்லை.

தகுதிதான் முக்கியம், சாதியைக் கொண்டுவராதீர்கள் என்று பதில் வரும். சாதி ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் அந்த 93 சொல்கிறது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் பெரிய கம்பெனிகளின் ஹெச்ஆர் மேலாளர்களிடம் பேசி 2007-ல் எழுதினார்கள். ஒருவர் பாக்கி இல்லாமல் தகுதியைப் பற்றிப் பேசினார்கள். கூடவே, நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் பலர் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், வீட்டில் யார் படித்தவர், எந்தச் சூழலில் வளர்ந்தாய். அதே வருடம் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறு வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயருக்கு இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. வாசலிலேயே இப்படி வடிகட்டினால் இருபது முப்பது வருடம் கழித்து போர்டுக்கு யார் வந்து சேர்வார்கள்?

தமிழ்நாட்டில் பெயரைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் போட்ட ஊர் இது, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பெயரில் கிடைக்காததை நம்மவர்கள் வேறு வழியில் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். சொந்த ஊர் எது, ஊருக்குள்ளேயா கொஞ்சம் தள்ளியா, குலதெய்வம் எங்கே, வீட்டில் நான்வெஜ் சாப்பிடுவீர்களா. லஞ்ச் டேபிளில் சிரித்துக்கொண்டே கேட்கப்படும் இந்தக் கேள்விகளைச் சந்திக்காமல் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 69 சதவீத இடஒதுக்கீட்டால் இங்கே அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் எப்படி மாறின என்று கண்ணால் பார்த்திருக்கிறோம். தனியார் கம்பெனியின் மேல்மாடிக்கு அந்த மாற்றம் போகவில்லை.

மோகனூரில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த என்.சந்திரசேகரன் 2017-ல் டாடா சன்ஸ் தலைவர் ஆனாரே என்று சிலர் கேட்கலாம். ஆனார், எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் 1987-ல் டிசிஎஸ்ஸில் சேர்ந்து முப்பது வருடம் உழைத்து ஒருவர் மேலே வந்தார் என்பதை வைத்து, அதே மாதிரிப் பள்ளியில் படித்த மற்றவர்களுக்கும் வழி திறந்துதான் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

இன்டிபெண்டன்ட் டைரக்டரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். காகிதத்தில் நாமினேஷன் கமிட்டி பரிந்துரைக்கும், பங்குதாரர்கள் ஓட்டுப் போடுவார்கள். நடப்பில், சேர்மன் ஒரு பெயரைச் சொல்வார். கூடப் படித்தவர், ஒரே கிளப் உறுப்பினர், ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி, வங்கியில் தெரிந்தவர். ஒருவரே ஏழு பட்டியலிட்ட கம்பெனிகளில் வரை இருக்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. ஒரு கம்பெனியில் ஐந்தைந்து வருடமாக இரண்டு தவணை, மொத்தம் பத்து வருடம். 2014-ல் சேர்ந்தவர்களுக்கு 2024-ல் காலம் முடிந்து நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்கள் ஒரே நேரத்தில் காலியாயின. இயக்குநராகத் தகுதியும் விருப்பமும் உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளும் டேட்டாபேங்க் ஒன்றை அரசே நடத்துகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதைப் புரட்டிப் பார்க்காமலேயே ஆளைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடலாம் என்ற நிலைமை மாற வேண்டும்.

பன்மைத்துவம் இருந்தால் லாபம் கூடும் என்று ஒரு வாதம் உண்டு. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கைகளைக் காட்டுவார்கள். அந்த முடிவு அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 கம்பெனிகளில் நிற்கவில்லை என்று ஜெரமையா கிரீன், ஜான் ஹேண்ட் இருவரும் 2024-ல் எழுதிவிட்டார்கள். நான் அந்த வாதத்துக்குள் போகவே இல்லை. என் கவலை, அந்த அறையில் எடுக்கும் முடிவு யார் தலையில் விடிகிறது என்பது.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல ஊர்களிலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் விடுதிகளில் தங்கி ஷிப்ட்டுக்குப் போகும் பிள்ளைகள். 2021 டிசம்பரில், ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் 250-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. விடுதியில் ஒரு அறைக்கு எத்தனை பேர், சமையல் காண்ட்ராக்ட் யாருக்கு, ஆளுக்கு எவ்வளவு செலவு என்பதெல்லாம் கம்பெனிகளின் மேல்மட்டத்தில் ஒருவர் கையெழுத்தில் முடிவாகும் விஷயங்கள். அப்படிப்பட்ட விடுதியில் தன் அக்காவோ மகளோ தங்கியிருக்கும் ஒருவர், எந்தக் கம்பெனியானாலும் சரி, அந்தக் கையெழுத்துக்கு முன்னால் கேள்வி கேட்பார்.

2006-ல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், தனியார் துறையில் ஒடுக்கப்பட்ட சமூகங்களுக்கு வாய்ப்புக் கொடுப்பதைப் பற்றித் தொழிலதிபர்களிடம் பேசினார். அவர்கள் டாடா குழுமத்தின் ஜே.ஜே.இரானி தலைமையில் குழு போட்டார்கள், நாங்களே விரும்பிச் செய்கிறோம் என்று நடத்தை விதி எழுதினார்கள். பயிற்சி, உதவித்தொகை என்று சில நல்ல காரியங்களும் நடந்தன. போர்டு ரூம் கணக்கில் வரவே இல்லை.

நான் கேட்பது இடஒதுக்கீடு அல்ல. அது வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு, ஆனால் அதற்கு நாளாகும். முதல் படியாக பிஆர்எஸ்ஆர் படிவத்தில் சில வரிகள் சேர்க்கட்டும். இயக்குநர்களிலும் உயர் அதிகாரிகளிலும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் எத்தனை பேர் என்று பெயர் இல்லாமல் வெறும் எண்ணிக்கை. சொல்ல விருப்பமில்லை என்பவர்களுக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். அலுவலகத்தில் தன் சாதியை வெளியே சொல்லப் பயப்படும் தலித் ஊழியர்கள் இருக்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. அவர்களை வெளிச்சம் போட்டுக் காட்டாமல் கணக்கு எடுக்க முடியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே சாதியைக் கேட்கப் போகிறோம் என்று 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு முடிவு செய்துவிட்டது. கூலித் தொழிலாளியின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கலாம், கம்பெனி சேர்மனிடம் கேட்கக் கூடாது என்பதில் என்ன நியாயம்?

ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏஜிஎம், அதாவது பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்ட, சீசன். இப்போது பல கம்பெனிகள் வீடியோவிலேயே நடத்துகிறார்கள். உங்கள் டீமேட் கணக்கில் ஒரே ஒரு பங்கு இருந்தாலும் பேச்சாளராகப் பதிவு செய்துகொள்ளலாம், நோட்டீசில் மின்னஞ்சல் முகவரியும் கடைசித் தேதியும் போட்டிருக்கும். டிவிடெண்ட் எவ்வளவு, போனஸ் ஷேர் உண்டா என்று கேட்கும் வரிசையில் இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: போர்டில் எந்தெந்தச் சமூகத்தினர் எத்தனை பேர், அடுத்த காலியிடத்துக்கு டேட்டாபேங்கிலிருந்து எத்தனை பெயர்களைப் பரிசீலித்தீர்கள்? பதில் வராவிட்டால் அதையும் இங்கே எழுதுங்கள், கம்பெனி பெயரோடு.