புல்வெளியை விட அடும்பு மேல்

கடற்கரை நடைபாதை அமைப்பது பற்றிய ஒரு கட்டுரை, பாதை ஓரம் முழுக்கப் புல்வெளியும் அலங்காரப் பூச்செடியும் வைக்கலாம் என்கிறது. படத்தில் அழகுதான். உப்புக் காற்று சும்மா விடுமா? அலைத்துளியோடு வரும் உப்பு இலையில் படிந்து, கடல் பக்கம் இருக்கிற நுனிகளை முதலில் கருக்கிவிடும். புல்லுக்கு நல்ல தண்ணீர் வேறு ஓயாமல் ஊற்ற வேண்டும்.

வெப்பமண்டலக் கரைகளில் அடும்புக் கொடியும் இராவணன் மீசை என்ற முள்புல்லும் தாமாகவே வளர்கின்றன. அடும்புக் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும். ஊதா நிறப் பூ இலவசம். அதற்குப் பின்னால் தாழை, இன்னும் உள்ளே தள்ளிப் புன்னை, பூவரசு. நிழலுக்கு நிழல், காற்றுக்குத் தடுப்பு. ஆனால் பாதையை மணல்மேட்டின் மேலேயே போடாமல் பின்னால் தள்ளிப் போட்டால்தான் இதெல்லாம் நிற்கும்.

கைப்பிடிக் கம்பிக்கு வெறுமனே 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று எழுதினால் போதாது. 304 ரகத்தில் சீக்கிரமே பழுப்புக் கறை ஏறும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

விளக்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லையே! ஆமைகள் முட்டையிடும் கரை என்றால் பளீர் வெள்ளை வெளிச்சம் கூடவே கூடாது. குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு விளக்கை நோக்கி ஊர்ந்துவிடும். தாழ்வாக, மறைப்பு போட்டு, செம்மஞ்சள் விளக்கு வைக்கலாம், அதுவும் மணல் பக்கம் வெளிச்சம் விழாதபடி.