ஹெர்2 பாசிட்டிவ் பரம்பரையாக வருவதல்ல

ஹெர்2 பாசிட்டிவ் என்பது மார்பகப் புற்றுநோயில் ஒரு வகை. ‘அது மரபணுக் கோளாறு, அதனால் மகளுக்கும் வரும்’ என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு, இதைப் படித்து எத்தனை அம்மாக்கள் தூக்கம் கெடுவார்களோ. 17-ஆம் குரோமோசோமில் உள்ள ஹெர்2 மரபணு நம் எல்லோருக்கும் செல்லுக்கு இரண்டு பிரதி உண்டு. இந்த வகை மார்பகக் கட்டியின் செல்களில் மட்டும் அது பல மடங்கு பெருகி, செல்லின் மேற்பரப்பு முழுக்க ஹெர்2 புரதம் அப்பிக்கொள்கிறது, ‘பிரி, பிரி’ என்ற கட்டளை ஓயாமல் உள்ளே போகிறது, கட்டி வேகமாக வளர்வது அதனால்தான். கருமுட்டையில் அந்த மாற்றம் இல்லை, பிள்ளைக்குப் போகாது. பரம்பரையாக வரக்கூடியது பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 போன்ற மரபணுக்களில் உள்ள பிழை, அதற்குச் சோதனையே வேறு. அப்புறம், ‘வந்தால் அவ்வளவுதான்’ என்பதும் பழைய கதை: அந்தப் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஐஎச்சி (ஹெர்2 புரதத்தின் அளவைப் பார்க்கும் சோதனை) 2+ என்று இருந்தால் முடிவு தெளிவில்லை என்று பொருள், அப்படியே விட்டுவிடாதீர்கள், மரபணுப் பிரதிகளை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.